அறுந்த ஏணியும் ஒலி புகாத அறையும்

“…அந்தக் கயிறு அறுந்த வரைக்கும் தெளிவா விழுந்துதும்மா. கப்பல் பேரு சொல்லும்போதுதான் நடுவுல கீய்னு ஏதோ வந்து கெடுத்துடுச்சு. அதை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொல்லேன்.”

இப்படி என்னிடம் கேட்டவர் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர். இடம், தில்லை நகரில் ஒரு காது மூக்கு தொண்டை கிளினிக்கின் முதல் மாடி. அவருடைய இரண்டு காதிலும் அன்றைக்குத்தான் மாட்டிய புத்தம்புது மிஷின். பக்கத்து நாற்காலியில் லால்குடிப் பக்கத்து அம்மா ஒருவர். அவருக்கும் புது மிஷின்தான், ஆனால் ஒரு காதுக்கு மட்டும். இரண்டு பேரும் மேஜைமேல் இருந்த சின்ன ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், டிவி சீரியல் நல்ல கட்டத்தில் இருக்கும்போது கரண்ட் போன மாதிரி.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒலி புகாத அறைக்குள், எங்கள் வீட்டுக்காரர் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஈ காக்கைக்குத் தெரியக் கூடாத ஒரு விஷயத்தை அப்போதுதான் போனில் சொல்லி முடித்திருந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.



அப்பளம் பட்ட பாடு

புதிதாக இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களுக்காக ஒரு வரி. எங்கள் வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் போசனாக இருந்தவர். மேல்தளத்து ஆட்களுக்கு மேஸ்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கயிறு, நங்கூரம், பெயிண்ட், ஏணி எல்லாம் அவர் பொறுப்பு. வருஷத்தில் முக்கால் பங்கு கடல், மிச்சம் ஸ்ரீரங்கத்தில் எங்கள் இரண்டாம் மாடி ஃபிளாட்.

லீவில் வந்தால் முதல் வாரம் முழுக்கச் சாப்பாட்டுப் பேச்சுதான். கப்பல் சமையல்காரர் சாம்பார் என்ற பெயரில் செய்ததையெல்லாம் சொல்லிச் சொல்லி என் சாம்பாரை மூன்றாம் முறை ஊற்றிக்கொள்வார். அந்த முறை வந்தவர் அப்படி இல்லை. வத்தக்குழம்பு வைத்து, அவருக்குப் பிடிக்குமே என்று அப்பளத்தை அடுப்புத் தணலில் வாட்டி வைத்திருந்தேன். அதை உடைத்து, உடைத்ததை உடைத்து, கடைசியில் தட்டோரத்தில் ரவை மாதிரி குவித்துவிட்டார்.

“என்னங்க ஆச்சு?”

“ஒண்ணும் ஆகலை.”

கப்பல்காரர்கள் பேச்சில் நான் கண்டுகொண்ட ஒன்று உண்டு. ஏதாவது ஆகியிருந்தால் கதை கதையாகச் சொல்வார்கள். புயல் என்பார்கள், அலை மூன்று மாடி என்பார்கள், நம்மையும் நனைத்துவிடுவார்கள். ‘ஒண்ணும் ஆகலை’ என்று சுருக்கமாக நிறுத்தினால், ஏதோ ஆகப் பார்த்திருக்கிறது.

“யாருக்காவது அடியா?”

“இல்லை.”

“கப்பலுக்கு?”

“கப்பலுக்கு என்ன, கல்லு மாதிரி இருக்கு.”

“அப்புறம் ஏன் அப்பளத்தை இந்தப் பாடு படுத்தறீங்க?”

பிறகுதான் சொன்னார்.

துறைமுகத்தை நெருங்கும் கப்பலில் பைலட் ஏறுவார். பைலட் என்றதும் என் தம்பியைப் போல வானத்தைப் பார்க்காதீர்கள். இவர் கடல் பைலட். அந்தத் துறைமுகத்தின் மேடு பள்ளமெல்லாம் அத்துபடியானவர், கப்பலுக்கு வழிகாட்டி உள்ளே அழைத்துப் போகிறவர். சின்னப் படகில் வந்து, ஓடுகிற கப்பலின் பக்கவாட்டில் தொங்கும் கயிற்று ஏணியைப் பிடித்து ஏறுவார். கீழே படகு ஆடும், கப்பலும் ஆடும், நடுவில் அந்த மனிதரும் ஆடுவார்.

அன்றைக்கு ஒரு பைலட் ஏறி வந்து, கடைசிக் காலை எடுத்துத் தளத்தில் வைத்தார். வைத்த மறு நொடி, ஏணியின் ஒரு பக்கக் கயிறு பட்டென்று அறுந்தது. காது அறுந்த துணிப்பை மாதிரி ஏணி ஒரு பக்கமாகத் தொங்கியது. பைலட் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “காபி கிடைக்குமா?” என்று கேட்டுக்கொண்டே மேலே போய்விட்டார். பார்த்தது எங்கள் வீட்டுக்காரர் மட்டும்.

மேலதிகாரியிடம் சொன்னார். “போசன், யாராவது விழுந்தாங்களா? விழாததுக்கு எதுக்கு ரிப்போர்ட்?” என்று பதில் வந்தது. புது ஏணி கேட்டதற்கு, வரும்போது வரும் என்றார்கள். அறுந்த இடத்தை இழுத்து முடிந்து அதே ஏணியை மறுபடி தொங்கவிட்டார்கள். அதற்குள் இவருக்கு லீவு வந்துவிட்டது.

“நான் இங்க அப்பளம் சாப்பிடறேன். அது அங்க தொங்குது,” என்றார். “அடுத்த துறைமுகத்துல இன்னொருத்தர் அதுல கால் வைப்பாரு.”

பெயரை அழித்துவிடுவார்கள்

கப்பல்காரர்களுக்கென்று ஓர் அமைப்பு இருப்பதாக எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நடந்த விபத்தைப் பற்றியல்ல, நடக்க இருந்து தப்பிப் போன விபத்தைப் பற்றி அவர்களிடம் நாமாகப் போய்ச் சொல்லலாம். கட்டாயம் கிடையாது. சொன்னவர் நிஜமாகவே கப்பல்காரர்தானா என்று பார்க்க முதலில் பெயரைக் கேட்டுக்கொள்வார்கள். பார்த்து முடித்ததும் அழித்துவிடுவார்கள். கம்பெனியிடம் ஏணியைப் பற்றிப் பேசுவார்கள், சொன்னவரைப் பற்றி மூச்சு விட மாட்டார்கள். மற்ற கப்பல்களுக்கு எச்சரிக்கை அனுப்பும்போது கப்பலின் பெயரும் போய், வெறும் ஏணி மட்டும் நிற்கும்.

எனக்குக் கேட்கவே அழகாக இருந்தது. நம் பக்கம் எல்லாம் தலைகீழ். விஷயத்தை விட்டுவிடுவோம், யார் சொன்னார் என்பதைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொள்வோம்.

அவருக்குப் பயம் ஒன்றே ஒன்று. சென்னையில் ஓர் ஏஜென்ட் ஆபீஸ் வழியாகத்தான் அவருக்குக் கப்பல் கிடைத்துக்கொண்டிருந்தது. ‘இந்த போசனுக்கு வாய் நீளம்’ என்று அங்கே ஒரு வார்த்தை கிளம்பினால் போதும், அடுத்த கப்பலுக்குப் போன் வராது. திட்ட மாட்டார்கள், காரணம் சொல்ல மாட்டார்கள். போன் மட்டும் வராது.

“சொல்லிடுங்க,” என்றேன். “அவங்கதான் பேரை அழிச்சிடுவாங்களே.”

“அவங்க அழிச்சிடுவாங்க. நான் பேசறது?”

அங்கேதான் சிக்கலே.

மைக் வேண்டாத மாப்பிள்ளை

எங்கள் வீட்டுக்காரருக்கு மெல்லப் பேசத் தெரியாது. கப்பலின் முன்கோடியில் நின்றுகொண்டு, எதிர்க்காற்றையும் நங்கூரச் சங்கிலியின் இரைச்சலையும் மீறிக் கத்திக் கத்திப் பழகிய தொண்டை. அவர் காதோடு காதாகச் சொல்வது கீழ்வீட்டில் கேட்கும். சாதாரணமாகப் பேசினால் தெருவில் போகிற ஆட்டோ நிற்கும்.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, தன் அம்மாவின் பக்கம் குனிந்து ரகசியமாக, “பொண்ணைப் பிடிச்சிருக்கு” என்றார். பக்கத்து வீட்டிலிருந்து “எங்களுக்கும் சந்தோஷம்” என்று பதில் வந்தது. அன்றைக்கு என் அப்பா சொன்னது எங்கள் குடும்பத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது: “கல்யாணத்துக்கு மைக் செட் மிச்சம்.”

அப்படிப்பட்டவர் ரகசியம் பேச வேண்டும்.

முதல் முயற்சி, எங்கள் வீட்டுக் குளியலறை. குழாயைத் திறந்துவிட்டு, வாளி நிரம்பும் சத்தத்தில் பேசினால் வெளியே கேட்காது என்பது என் யோசனை. அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தப் பக்கம் போனை எடுத்தவர் நல்லவேளையாகத் தமிழ் தெரிந்தவர், பழைய கப்பல்காரர், தூத்துக்குடிக்காரர் போலிருந்தது. தண்ணீர்ச் சத்தத்தில் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. “என்ன ஏணி?” என்று கேட்டிருக்கிறார். இவர் தண்ணீரை ஜெயிக்க வேண்டுமே, குரலை உயர்த்தினார்.

“ஏணி சார்! ஏணி! கயித்து ஏணி! புது ஏணி வேணும் சார்!”

எங்கள் அடுக்ககத்தில் எல்லாக் குளியலறை ஜன்னல்களும் ஒரே சந்தில்தான் திறக்கும். அதை நான் மறந்துவிட்டேன். கதவைத் தட்டி, போனை வாங்கி, நான் கட் செய்வதற்குள் வாசல் மணி அடித்தது. கீழ்வீட்டு மாமி நின்றுகொண்டிருந்தார். தோளில் மர ஏணி.

“ஏன்டிம்மா, ஏணி வேணும்னா கேக்கப்படாதா? எங்காத்துப் பரண் ஏணி சும்மாத்தானே சாத்தி வெச்சிருக்கு. பாவம், போசன் குளிக்கறச்சே கூட அதையே நெனச்சுண்டிருக்கார்.”

அவர் இறங்குவதற்குள் எதிர்வீட்டிலிருந்து அலுமினிய ஏணி ஒன்று வந்தது. சாயங்காலம் வாட்ச்மேன் அடுக்ககத்தின் பொது ஏணியையும் கொண்டுவந்து வராந்தாவில் சாத்திவிட்டுப் போனார். ஏணி வேண்டாம் என்று சொல்ல முடியாது, சொன்னால் காரணம் கேட்பார்கள். அதனால் எங்கள் வீட்டுக்காரர் தேவையே இல்லாமல் அத்தனை மின்விசிறிகளையும் துடைத்தார்.

“ஒரு ஏணிக்கு வழியில்லைன்னு சொன்னேன். மூணு வந்துடுச்சு,” என்றார் மேலே இருந்தபடி. இதுவும் கீழ்வீட்டில் கேட்டிருக்கும்.

வயலுக்குக் காது உண்டு

இரண்டாவது முயற்சிக்கு லால்குடியில் அவருடைய அண்ணன் வயல். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர் கட்டிய வயல்தான், சுவரும் இல்லை சந்தும் இல்லை. வரப்பின் நடுவில் நின்று பேசினால் கொக்கு மட்டும்தான் கேட்கும் என்று பைக்கில் கிளம்பினோம்.

வழியெல்லாம் “எங்க கிளம்பிட்டீங்க?” சும்மா என்று சொல்லிப் பாருங்கள். “சும்மா எங்க?” என்பார்கள். இது எங்கள் பக்கத்து மரியாதை, குறை சொல்லக் கூடாது.

வயலில் சிக்னல் ஒரு கோடுதான் இருந்தது. சிக்னல் குறைந்தால் குரலைக் கூட்டினால் சரியாகிவிடும் என்பது எங்கள் வீட்டுக்காரரின் நம்பிக்கை. “பைலட் கடைசிக் காலை எடுத்து வெச்சாரு சார்…” என்று ஆரம்பித்தார், லைன் போய்விட்டது. மறுபடி போட்டார், மறுபடி ஆரம்பித்தார், மறுபடி போய்விட்டது. பைலட் நாலைந்து தடவை கடைசிக் காலை எடுத்து வைத்தும் தளத்தில் ஏறின பாடில்லை.

நாங்கள் பைக்கை நோக்கித் திரும்பியபோது, மூன்று வயல் தள்ளி நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தாள்.

“யக்கா! போறதுக்கு முன்னாடி சொல்லிட்டுப் போங்க. அந்த ஆளு கால வெச்சாரா இல்லையா?”

தண்ணீர் கட்டிய வயலில் சத்தம் வழுக்கிக்கொண்டு போகும் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? “வெச்சாரு, வெச்சாரு!” என்று கத்திவிட்டு வண்டியைக் கிளப்பினோம். “அப்பாடா!” என்று பின்னால் நாலு குரல் சேர்ந்து வந்தது.

கவிதாவின் அறை

மூன்றாவது யோசனை என் நாத்தனார் மகள் கவிதா கொடுத்தது. தில்லை நகர் கிளினிக்கில் காது பரிசோதிக்கிற வேலை அவளுக்கு. விஷயம் என்னவென்று அவள் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. யாருக்கும் கேட்காமல் ஒரு போன் பேச வேண்டும் என்றோம், அவ்வளவுதான்.

“அட, என் டெஸ்ட் ரூமுக்கு வாங்க அத்தை! மாமா உள்ள உக்காந்து பாட்டே பாடினாலும் வெளியில ஒரு பொட்டுச் சத்தம் வராது.”

உண்மைதான். சின்ன அறை, சுவரெல்லாம் மெத்தை, கதவு பேங்க் லாக்கர் கனம். ஒரு பக்கம் கண்ணாடி. உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் நம் மூச்சே நமக்குப் பெரிதாகக் கேட்கும். அவர் உள்ளே உட்கார்ந்ததும் அவர் முகத்தில் பல நாளுக்குப் பிறகு ஒரு தெளிவு வந்தது.

வெளி அறையில் அந்தப் பெரியவரும் லால்குடி அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். நான் பார்த்தேன், பார்க்காமல் இல்லை. காதுக் கிளினிக்கில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் காது கேட்காது, இதைவிடப் பத்திரமான இடம் உண்டா என்று நினைத்துக்கொண்டேன். அவர்களுக்குச் சற்று முன்தான் மிஷின் மாட்டியிருந்தது எனக்குத் தெரியாது. மாட்டிவிட்டு, “கொஞ்ச நேரம் இங்கயே உக்காந்து பழகுங்க. எந்தச் சத்தம் வந்தாலும் கவனிச்சுக் கேளுங்க” என்று கவிதா சொல்லியிருந்ததும் தெரியாது.

“ரகசியம்னா ரகசியம். நானும் இங்க இருக்கக் கூடாது,” என்று கவிதா டீ வாங்கக் கிளம்பினாள். அவ்வளவு நல்ல பெண். நான் மாடிப்படியில் காவலுக்கு நின்றேன். வருகிறவர்களிடமெல்லாம் கரண்ட் வேலை நடக்கிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

கவிதா ஒன்றை மறந்துவிட்டாள். உள்ளே இருப்பவர் சொல்வது வெளியே பரிசோதிப்பவருக்குக் கேட்க வேண்டும் அல்லவா? அதற்காக அந்த அறைக்குள் ஒரு மைக் உண்டு. வெளியே மேஜைமேல் ஒரு ஸ்பீக்கர் உண்டு. காலையிலிருந்து இரண்டும் ஆனில் இருந்தன.

கீய்

படியில் நின்ற எனக்கு முதுகுக்குப் பின்னால் எங்கள் வீட்டுக்காரர் குரல் கேட்டது. பிரமை என்று நினைத்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் குரல் எனக்குக் கேட்காமல் இருந்த நேரம் குறைவு.

“…பட்டுனு அறுந்துது சார்! ஒரு பக்கம் அப்படியே தொங்குது!”

ஓடினேன். ஸ்பீக்கர் முழங்கிக்கொண்டிருந்தது. பெரியவரும் அந்த அம்மாவும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடிக்கு உள்ளே இவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு கையை ஏணியாகவும் இன்னொரு கையைப் பைலட்டாகவும் வைத்து நடித்துக்காட்டிக்கொண்டிருந்தார், போனில்.

அடுத்துப் பெயரைச் சொன்னார். அப்பா பெயரோடு சேர்த்துச் சொன்னார். அந்தப் பக்கம் சரியாக விழவில்லை போலிருக்கிறது, எழுத்துக் கூட்டிச் சொன்னார்.

மேஜைமேல் கவிதாவின் மிஷினில் பித்தானும் திருகுக் குமிழுமாக ஒரு கூட்டமே இருந்தது. ஒன்றைத் திருகினேன். சத்தம் இரட்டிப்பானது. “இப்ப இன்னும் நல்லாருக்கு” என்றார் லால்குடி அம்மா. இன்னொன்றைத் திருகினேன். ஒன்றும் ஆகவில்லை. “கப்பல் பேரா சார்? சொல்றேன்…” என்று அவர் ஆரம்பிக்கவும், நான் கையில் பட்ட பித்தானை அழுத்தவும் சரியாக இருந்தது.

கீய் என்று ஒரு சத்தம், உள்ளேயும் வெளியேயும்.

கப்பலில் போகிறவர்களுக்கு ஒவ்வொரு முறையும் மெடிக்கல் டெஸ்ட் உண்டு, காது டெஸ்ட்டும் சேர்த்து. கீய் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். பழக்கம் எங்கே போகும்? எங்கள் வீட்டுக்காரர் கப்பல் பெயரைச் சொல்லிக்கொண்டே, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி வலது கையைத் தூக்கினார். நான் மறுபடி அழுத்தினேன். மறுபடி தூக்கினார். ஏன் என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் நிறுத்தவில்லை.

அன்று நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான். கப்பல் பெயர் மட்டும் தப்பியது.

நடுவில் ஏணி என்ன ஆனது என்றால்

ஏணியை நடுக்கடலில் தொங்கவிட்டுவிட்டு நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கிறேன். அதைச் சொல்லிவிடுகிறேன்.

கொஞ்ச நாள் கழித்து, அந்தக் கப்பலில் இருந்த பழைய தோழர் ஒருவர் இவருக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். ஆபீஸிலிருந்து திடீரென்று உத்தரவு வந்ததாம். பழைய ஏணியை வெட்டிப் போட்டுவிட்டுப் புது ஏணி ஏற்றினார்களாம். அந்தக் கம்பெனியின் மற்ற கப்பல்களிலும் ஏணிகளை அவிழ்த்துப் பார்க்கச் சொன்னார்களாம். யார் சொல்லியிருப்பார்கள் என்று கப்பலில் பெரிய ஆராய்ச்சி. எல்லாரும் ஒரே மனதாகச் சமையல்காரர்தான் என்று முடிவு செய்துவிட்டார்கள், எதற்கெடுத்தாலும் குறை சொல்கிறவர் அவர்தானே. சமையல்காரரும் மறுக்கவில்லை. “நமக்கு மனசு கேக்காதுப்பா” என்று சொல்லிக்கொண்டு திரிந்தாராம்.

எங்கள் வீட்டுக்காரர் அதை மூன்று தடவை போட்டுக் கேட்டார். “அந்தச் சாம்பாருக்கு இந்தப் பேரா!” என்று ஒரே ஒரு வருத்தம்தான் அவருக்கு.

அவர் இப்போது ரிட்டயராகிவிட்டதால்தான் இதை எழுதுகிறேன். பெரியவரிடமும் கேட்டுவிட்டேன். “எழுதிக்கோம்மா, கடை எதுன்னு மட்டும் போடாதே” என்றார். அதனால் பாலக்கரையில் அவருக்கு இரும்புக் கடை என்று எழுதப்போகிறேன். இரும்புக் கடை இல்லை. பெயரை எடுப்பது மட்டும் போதாது, அடையாளத்தையும் எடுக்க வேண்டும் என்பது நான் அந்த அமைப்பிடம் படித்த பாடம்.

மறுபடி அந்த நாற்காலி

கப்பல் பெயரைக் கேட்ட பெரியவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

“ஐயா, நீங்க எதையும் கேக்கலைன்னு வெச்சுக்கங்களேன்.”

“கேக்கலையா? ஏம்மா, இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் எனக்கு ஒழுங்காக் கேட்டிருக்கு. அதைப் போய்க் கேக்கலைங்கறியே!”

“அந்தப் பைலட்டுக்கு ஒண்ணும் ஆகலையே?” என்று லால்குடி அம்மா.

“ஆகலைங்கம்மா. அவருக்கு விஷயமே தெரியாது.”

“தெரியாமலே பொழைச்சாரா! கொடுத்து வெச்ச மனுஷன்.”

“யாரும் விழலை இல்ல?” என்றார் பெரியவர். “அப்புறம் எதுக்கு இவ்வளவு கலாட்டா?”

அதற்குள் லாக்கர் கதவைத் திறந்துகொண்டு எங்கள் வீட்டுக்காரர் வெளியே வந்தார். “முடிஞ்சுது! ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது!” என்றார் உரக்க. நான் ஸ்பீக்கரைக் காட்டினேன். அவர் ஸ்பீக்கரைப் பார்த்தார், பெரியவரைப் பார்த்தார், பெரியவரின் காதைப் பார்த்தார். முகத்திலிருந்த நிம்மதி ஒவ்வொரு அங்குலமாக இறங்கியது.

“வாங்க தம்பி,” என்றார் பெரியவர், பழைய சிநேகிதரைப் போல. “நல்லா சொன்னீங்க, அப்படியே கண்ணு முன்னாடி நின்னுச்சு. எனக்கும் கப்பல் சமாச்சாரம் கொஞ்சம் தெரியும். என் மாப்பிள்ளை சென்னையில கப்பலுக்கு ஆள் எடுக்கற ஆபீஸ்லதான் இருக்காரு.”

“எந்த ஆபீஸுங்க?”

சொன்னார். எங்கள் வீட்டுக்காரர் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார். அதே ஆபீஸ். பெரியவர் சொன்ன பெயரை வைத்துப் பார்த்தால், மாப்பிள்ளை இவருக்கு எப்போதும் போன் செய்கிற அதே மனிதர்.

“தங்கமான பிள்ளை,” என்றார் பெரியவர். “ஒரே ஒரு குறை. காதுல விழுந்ததை வயித்துல வெச்சுக்கத் தெரியாது.”

அப்போது நான் என் வாழ்க்கையில் கேட்டிராத ஒன்றைக் கேட்டேன். எங்கள் வீட்டுக்காரர் மெல்லப் பேசினார். நிஜமாகவே மெல்ல. பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் விழுந்தது.

“ஐயா, இது வெளிய போனா எனக்கு அப்புறம் கப்பல் கிடையாதுங்க.”

மிஷின் அவ்வளவு நல்ல மிஷின். பெரியவருக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. அவர் முகத்திலிருந்த வேடிக்கை போய்விட்டது. பிறகு எங்களைக் கிட்டே வரச்சொல்லி விரலை ஆட்டினார்.

“பாலக்கரையில கடைக்கு எதிர்ல ரோட்டைத் தாண்டறேன். பின்னாடி பஸ்காரன் ஹாரன் அடிச்சிருக்கான். எனக்கு எங்க கேக்குது? சட்டை படபடன்னு அடிச்சுது, காத்துன்னு நினைச்சேன். திரும்பினா மூக்குக்கு நேரா பஸ்ஸு போகுது. பெயிண்ட் வாசனை தெரிஞ்சுது தம்பி, அவ்வளவு கிட்ட.”

“வீட்ல சொன்னீங்களா ஐயா?” என்றேன்.

“சொன்னா மறுநாள் கடைக்கு விடுவாங்களா? யாரும் விழலை, அடி படலை, விழாததுக்கு எதுக்குச் சொல்…”

அங்கே நிறுத்திவிட்டார். தான் பேசுவது தன் காதிலேயே இவ்வளவு தெளிவாக விழுவது அவருக்கும் புதிதுதான்.

“அதுக்கப்புறம்தான் நானா வந்து மிஷின் கேட்டேன்,” என்றார் தணிந்த குரலில். “அப்பா தானா ஒத்துக்கிட்டாருன்னு என் மக ஊரெல்லாம் சொல்லிச் சந்தோஷப்படறா. காரணம் யாருக்கும் தெரியாது. இப்ப உங்களுக்குத் தெரியும். என்னோடது ஒண்ணு உங்ககிட்ட, உங்களோடது ஒண்ணு என்கிட்ட.”

“நான் எதையும் கேக்கலை,” என்றார் லால்குடி அம்மா, யாரும் கேட்காமலே.

கவிதா டீ கிளாஸ்களோடு படியேறி வந்தாள். அதே நேரம் பெரியவரின் போன் அடித்தது. புதுக் காதில் அந்த மணி எவ்வளவு பெரிதாக விழுந்ததோ, துள்ளிவிட்டார். பேச வசதியாக இருக்கட்டும் என்று கவிதா போனை வாங்கி, ஸ்பீக்கரில் போட்டு அவர் முன்னால் பிடித்தாள். மகள் இல்லை, மாப்பிள்ளை.

“மாமா! மிஷின் மாட்டியாச்சா? டெஸ்ட் பண்ணிடுவோமா? இப்ப உங்களைச் சுத்தி யார் யார் இருக்காங்க, என்ன பேசிக்கிட்டிருந்தாங்க, ஒண்ணு விடாம சொல்லுங்க பாப்போம்!”

எங்கள் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

பெரியவர் அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு, விலையுயர்ந்த நகையைக் கழற்றுகிறவர் போல நிதானமாக, வலது காது மிஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். இடது காது மிஷினையும் கழற்றிப் போட்டார். பையை ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டார். “கேக்குதுன்னு சொல்லுங்கய்யா!” என்று கவிதா பதற, போனை இழுத்து வாயருகே வைத்து, கீழே தெருவில் போன ஆட்டோ நிற்கும்படி கத்தினார்:

“ஒண்ணும் கேக்கலை மாப்பிள்ளை! ஒண்ணுமே கேக்கலை!”